மிகுபுனைவு நாவல்கள் திரைக்கு வரும்போது: எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது?

பதிவு 1 – குறிஞ்சிவாசகன்

அனைவருக்கும் வணக்கம்.

மிகுபுனைவு நாவல் ஒன்று படமாகும்போதெல்லாம் அந்தக் காட்சி வரவில்லை, இந்தப் பாத்திரத்தைக் காணோம் என்ற முறையீடு எழுகிறது. என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலிலிருந்து டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை அடியோடு நீக்கிவிட்டு 2001ஆம் ஆண்டு முதல் படத்தைக் கொண்டுவந்த பீட்டர் ஜாக்சனின் முடிவை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் நாயகன் ஃப்ரோடோ, அண்டியவரை அதிகார வேட்கைக்கு ஆளாக்கும் மந்திர மோதிரத்தோடு ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் இடையே நாவலில் 17 ஆண்டுகள் கழிகின்றன; படம் பார்ப்பவருக்கு அப்படியோர் இடைவெளி இருப்பதே தெரியாது. அதனால் கதைக்கு எந்தக் குந்தகமும் நேரவில்லை. வெட்டினால் ஒரு நாவல் கெட்டுவிடாது. அந்தக் கதையுலகம் எந்த விதியின்மேல் நிற்கிறதோ, அதைத் திருத்தும்போதுதான் கெடுகிறது என்பது என் கருத்து.

இதற்கு நாவலாசிரியர் டோல்கீனே சாட்சி சொல்லியிருக்கிறார். 1950களின் இறுதியில் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மன் வழியாக, மார்ட்டன் ஸிம்மர்மன் எழுதிய திரைக்கதைச் சுருக்கம் ஒன்று டோல்கீனின் கைக்கு வந்தது. அதற்கு அவர் 1958இல் எழுதிய நீண்ட பதில் இன்று அவருடைய கடிதத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. கதை சொல்லும் நெறிகள் எந்த ஊடகத்திலும் முற்றாக வேறுபட்டுவிட முடியாது என்றும், மோசமான படங்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் மிகைப்படுத்தலும் தேவையற்ற சரக்கை நுழைப்பதுமே காரணம் என்றும், மூலக்கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று உணராததால் அப்படி நேர்கிறது என்றும் அதில் அவர் சொல்கிறார். பாம்படிலின் மனைவி கோல்ட்பெரி அர்த்தமில்லாமல் தலைகாட்டுவதைவிட முழுதாக மறைந்துவிடுவதே மேல் என்கிறார். இவை எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைத்தது வேறொன்று: எண்ட்கள் எனப்படும் மர மேய்ப்பர்களின் கதைக்கும் ஹார்ன்பர்க் கோட்டைப் போருக்கும் சேர்த்துப் போதிய இடம் இல்லையென்றால் இரண்டில் ஒன்றை விட்டுவிடலாம், விடவேண்டியது கோட்டைப் போரைத்தான் என்று அவரே எழுதுகிறார். தன் கையால் எழுதிய போரையே தூக்கிவிடச் சம்மதித்த மனிதர் அவர்.

2002ஆம் ஆண்டு வெளியான இரண்டாம் படம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. கோட்டைப் போர் படத்தின் உச்சமாயிற்று. எண்ட்கள் ஓரத்துக்குப் போயினர். அதையும்கூட நான் பொறுத்துக்கொள்வேன், ஏனென்றால் அது அளவு பற்றிய கேள்வி. தளபதி ஃபாரமிரைப் படம் நடத்திய விதத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. நாவலில் ஃப்ரோடோவின் துணைவன் சாம் வாய்தவறி மோதிரத்தைப் பற்றி உளறிவிடும்போது, அருவிக்குப் பின்னாலுள்ள மறைவிடத்தில் ஆயுதம் ஏந்திய வீரர்கள் சூழ நிற்கும் ஃபாரமிர், அது வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று முன்பே சொன்ன வாக்கில் நிற்கிறான். படத்திலோ அவன் மோதிரத்தைத் தந்தையிடம் கொண்டுசெல்லப் புறப்பட்டு, ஃப்ரோடோவையும் சாமையும் ஆஸ்கிலியத் வரை இழுத்துச் செல்கிறான். அதிகார வேட்கைக்கு ஆட்படாத ஒரு சாதாரண மனிதனும் இருக்கமுடியும் என்பது அந்த நாவலின் விதிகளில் ஒன்று. படம் அந்த விதியை நீக்கிவிட்டது. இது சரியா? இந்த இழையில் விவாதிக்க வேண்டுகிறேன்.

பதிவு 2 – திரைவிழி

நண்பர் குறிஞ்சிவாசகன் எழுப்பியிருக்கும் கேள்வி நியாயமானது. ஆனால் அவருடைய தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. திரைக்கதை எழுதும் வேலையின் பக்கம் நின்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவதாக, ஷெலோப் என்ற சிலந்தியின் குகை நாவலில் இரண்டாம் தொகுதியின் இறுதியில் வருகிறது. ஆனால் நாவலின் பின்னிணைப்பில் டோல்கீன் தந்திருக்கும் நாள்வரிசையைப் பார்த்தால், கோட்டைப் போர் மார்ச் 3ஆம் நாள் இரவிலும் ஷெலோப் குகை மார்ச் 12ஆம் நாளையொட்டியும் நிகழ்கின்றன. நாவல் இரு பயணங்களையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துச் சொல்வதால் வாசகருக்கு இந்த வேறுபாடு உறுத்துவதில்லை. படமோ இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஆகவே சிலந்தியை மூன்றாம் படத்துக்குத் தள்ளியது நாள்வரிசைப்படி சரியே. தள்ளியபின் இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவின் பாதைக்கு உச்சக்காட்சி என்று எதுவும் மிஞ்சவில்லை. ஃபாரமிர் நாவலில் உள்ளபடியே அவர்களை வாழ்த்தி அனுப்பிவைத்திருந்தால், மூன்று மணி நேரப் படத்தின் பாதி இழை எந்த நெருக்கடியும் இல்லாமல் முடிந்திருக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. முதல் படம் முழுவதும் மோதிரத்தின் ஆற்றலைப் பார்வையாளரின் மனத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பில்போ அதைக் கீழே நழுவவிடும்போது, அது துள்ளாமல், உருளாமல், இரும்புக்குண்டு போலத் தரையில் பதிந்து நிற்கும். தரைக்கு அடியில் காந்த விசையைப் பயன்படுத்தி எடுத்த காட்சி அது. நாவலில் பத்திகள் செய்யும் வேலையை அந்த ஒற்றைச் சத்தம் செய்துவிடுகிறது. மந்திரவாதி கேண்டால்ஃப் தொட அஞ்சுகிறார், கலாட்ரியல் தடுமாறி மீள்கிறாள், ஃபாரமிரின் அண்ணன் போரமிர் வீழ்கிறான். இவ்வளவுக்கும் பிறகு ஒருவன் எந்தச் சலனமுமின்றி 'எனக்கு வேண்டாம்' என்றால், திரையில் மோதிரம் அந்தக் கணமே வெறும் உலோக வளையம் ஆகிவிடும். திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான ஃபிலிப்பா பாயென்ஸும் இயக்குநரும் இதே காரணத்தைப் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். மேலும், ஃபாரமிர் இறுதியில் அவர்களை விடுவிக்கத்தான் செய்கிறான், அதுவும் தன் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தே. அவன் போய்ச்சேரும் இடம் மாறவில்லை, அங்கே போகும் வழிதான் நீண்டிருக்கிறது.

பதிவு 3 – நெய்தற்கரை

நண்பர் திரைவிழி சொல்வதில் எனக்கு ஒரு சேர்க்கை உண்டு. விரிவுபடுத்தப்பட்ட பதிப்பில், ஆஸ்கிலியத்தை மீட்ட நாளில் போரமிரும் ஃபாரமிரும் மகிழ்ந்திருக்க, தந்தை டெனெத்தோர் இளையவனை இழிவாகப் பேசும் காட்சி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்குப் படத்து ஃபாரமிரைத் தூண்டுவது பேராசை அல்ல, தந்தையின் ஒரு நல்ல சொல்லுக்கான ஏக்கம் என்பது புரியும். திரையரங்கப் பதிப்பில் அக்காட்சி இல்லாததால்தான் அவன் வெறும் தடையாளனாகத் தெரிந்தான். இந்தப் பழியைத் திரைக்கதையின்மேல் போடுவதைவிடப் படத்தொகுப்பின்மேல் போடலாம்.

பதிவு 4 – குறிஞ்சிவாசகன்

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன காட்சி எனக்குப் பிடித்தமானது, நடிப்பும் அருமை. ஆயினும் அது என் கவலையைக் கூட்டவே செய்கிறது. தந்தையின் அன்புக்கு ஏங்கும் மகன் என்பது எல்லாப் படங்களிலும் கிடைக்கும் பாத்திரம். நாவலின் ஃபாரமிர் அரிதானவன். 1944இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீன், தான் அழைக்காமலேயே இந்தப் பாத்திரம் இத்திலியன் காட்டுக்குள் நடந்து வந்துவிட்டதாகக் குறிப்பிடுகிறார். தன்னை ஒத்த பாத்திரம் எவரேனும் உண்டென்றால் அது ஃபாரமிர்தான் என்று வேறொரு கடிதத்தில் சொல்கிறார். முதல் உலகப்போரில், 1916இல் ஸோம் போர்முனையில் நின்ற ஒருவர், வாளின் கூர்மைக்காக வாளை நேசிக்காத, அது காப்பாற்றும் ஊரை மட்டும் நேசிக்கும் ஒரு தளபதியை எழுதியிருக்கிறார். அந்த மறுப்பால் மோதிரத்தின் ஆற்றல் குறைவதாக எனக்குப் படவில்லை. அண்ணன் வீழ்ந்த அதே சோதனையில் தம்பி நிற்கிறான் என்றால், வீழ்ச்சி தவிர்க்கமுடியாததல்ல என்று ஆகிறது. போரமிரின் துயரம் அதனால்தான் நாவலில் இன்னும் கனக்கிறது.

பதிவு 5 – ஏடும்எழுத்தும்

ஃபாரமிரைவிடப் பெரிய இழப்பு ஃப்ரோடோவின் ஊரான ஷயரின் மீட்பு விடுபட்டதுதான் என்று நான் நெடுநாளாகக் கருதிவருகிறேன். நாவலின் இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஃப்ரோடோவும் சாமும் உட்பட, ஹாபிட் என்ற சிற்றுருவ இனத்தைச் சேர்ந்த நால்வரும் ஊர் திரும்பும்போது மரங்கள் வெட்டப்பட்டும் ஆலை புகை கக்கியும் ஊரே தீய மந்திரவாதி சாருமானின் ஆட்களிடம் சிக்கியும் கிடக்கிறது. அவர்களே போரிட்டு மீட்கிறார்கள். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், அப்பகுதி கதையின் இன்றியமையாத அங்கம் என்றும் தொடக்கத்திலிருந்தே தான் எண்ணியிருந்தது என்றும் டோல்கீன் எழுதியிருக்கிறார். தொலைவில் நடக்கும் போர் உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும் என்பதை அந்த அத்தியாயம் சொல்கிறது. படத்தில் ஷயர் எரிவது கலாட்ரியலின் நீர்க்கண்ணாடியில் ஒருமுறை தெரிவதோடு சரி.

இருந்தும், 2003ஆம் ஆண்டின் மூன்றாம் படம் அதற்கு ஈடாக வைத்த ஒரு காட்சியை நான் மதிக்கிறேன். ஊர் திரும்பிய நால்வரும் பச்சை டிராகன் விடுதியில் அமர்கிறார்கள். சுற்றிலும் வழக்கமான சிரிப்பும் சந்தடியும்; யாரோ ஒருவர் கொண்டுவந்த பெரிய பூசணிக்காயைக் கூட்டம் வியந்து பார்க்கிறது. உலகைக் காத்துவந்த நால்வரை எவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரு சொல்லும் பேசாமல் குவளையை உயர்த்துகிறார்கள். போரிலிருந்து திரும்பியவனுக்கும் ஊருக்கும் இடையே விழுந்துவிட்ட இடைவெளியை வசனமே இல்லாமல் அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. நாவலில் ஊர் அழிந்திருக்கிறது. படத்தில் ஊர் மாறாமலே இருக்கிறது, மாறாத ஊர்தான் வலிக்கிறது. பொருள் வேறு என்றாலும் அது நேர்மையான மாற்றம்.

நாவலின் அமைப்பு மாறியதால் நேர்ந்த ஓர் இழப்பையும் சொல்லவேண்டும். நாவலின் நான்காம் பகுதி ஃப்ரோடோ பகைவரிடம் உயிரோடு பிடிபட்டான் என்பதோடு முடிந்துவிடும். ஐந்தாம் பகுதி முழுவதும் அவனைப் பற்றி ஒரு செய்தியும் வராது. அதன் முடிவில், கருவாயிலின் முன்னே மோதிரத்தைத் தேடும் இருள்வேந்தன் ஸாரோனின் தூதன் ஃப்ரோடோவின் மித்ரில் கவசத்தை எடுத்துக் காட்டும்போது, எதிர்த்து நிற்கும் படைத்தலைவன் அரகோர்னுக்குத் தெரிந்தது எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான் வாசகருக்கும் தெரியும். நெஞ்சு நின்றுவிடும் இடம் அது. படத்தின் விரிவுபடுத்தப்பட்ட பதிப்பில் அந்தத் தூதன் வருவதற்கு முன்பே சாம் ஃப்ரோடோவை மீட்டதை நாம் பார்த்துவிடுகிறோம். கவசத்தைக் கண்டு அரகோர்ன் கலங்குகிறான், நாம் கலங்குவதில்லை.

பதிவு 6 – தீவுக்கூட்டம்

விவாதம் ஒரே நாவலைச் சுற்றி வருவதால், விதியைத் திருத்துவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒரு நிகழ்வை முன்வைக்கிறேன். அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலில் எல்லா மந்திரமும் உண்மைப் பெயரின்மேல் நிற்கிறது. ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. ஆகவே மனிதர்கள் தங்கள் உண்மைப் பெயரை மறைத்து, வேறொரு பெயரால் புழங்குகிறார்கள். நாயகனை ஊரார் ஸ்பாரோஹாக் என்று அழைப்பார்கள். கெட் என்ற உண்மைப் பெயர் மிகச் சிலருக்கே தெரியும். தன் ஆணவத்தால் ஒரு நிழலை ஏவிவிட்டு, முகத்தில் தழும்போடு எவரையும் ஏறிட்டுப் பார்க்கமுடியாமல் குறுகிக்கிடக்கும் அவனிடம், அவன் நண்பன் வெட்ச் விடைபெறும்போது தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். என் உயிரை உன் கையில் கொடுக்கிறேன் என்பதற்கு அந்த உலகில் அதுவே வழி.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த குறுந்தொடர் இந்த இரு பெயர்களையும் இடம் மாற்றிவிட்டது. கெட் என்பது எல்லாரும் கூப்பிடும் பெயராகவும் ஸ்பாரோஹாக் என்பது மறைபெயராகவும் ஆயின. வெறும் பெயர்தானே என்று தோன்றலாம். ஆனால் பெயர்களே சட்டமாக இருக்கும் ஓர் உலகில் இப்படிச் செய்தவர்கள், தாம் கையிலெடுத்த கதை எதைப் பற்றியது என்று கேட்டுப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். அதோடு, நாவலில் கெட் செம்பழுப்பு நிறத்தவன், வெட்ச் கருநிறத்தவன், தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர். லெ குவின் 1960களிலேயே வேண்டுமென்று செய்த தேர்வு அது. தொடரில் கெட்டாக வெள்ளை நடிகர் ஒருவர் வந்தார். அதே மாதம் லெ குவின், தன்னைப் படைப்பு வேலையிலிருந்து முற்றாக ஒதுக்கிவிட்டதையும் தன் மக்களின் நிறத்தைத் துடைத்துவிட்டதையும் கண்டித்து இணைய இதழொன்றில் வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

2006இல் கோரோ மியாசாகி இயக்கிய ஜப்பானிய அசைபடம் அழகில் பல மடங்கு மேம்பட்டது. அதைப் பற்றியும் லெ குவின் எழுதியிருக்கிறார்: நமக்குள் இருக்கும் இருளை மந்திர வாளைச் சுழற்றி ஒழித்துவிட முடியாது, இந்தப் படமோ தீமையை வசதியாக ஒரு வில்லனிடம் ஏற்றிவைத்து, அவனைக் கொன்றதும் எல்லாம் தீர்ந்ததாகக் காட்டுகிறது என்பது அவர் வருத்தத்தின் சாரம். முதல் நாவலின் முடிவில் கெட் அந்த நிழலைத் தன் பெயராலேயே அழைத்துத் தழுவிக்கொள்கிறான். அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அதை எந்தத் திரையும் இன்னும் எனக்குக் காட்டவில்லை.

பதிவு 7 – நெய்தற்கரை

நண்பர் தீவுக்கூட்டத்தின் பதிவு மிகச் சிறப்பு. நேரம் போதாமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்பவர்களுக்கு நான் 'தி ஹாபிட்' படங்களைக் காட்டுவேன். 1937இல் வெளியான, 19 அத்தியாயங்கள் கொண்ட சிறுவர் நாவல் அது. 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக வந்தது. திரையரங்கப் பதிப்புகளின் மொத்த நீளம் ஏறத்தாழ எட்டு மணி நேரம். நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து படைகளின் போரில் பில்போவின் தலையில் கல் பட்டு அவன் மயங்கிவிட, வெற்றியை விழித்தெழுந்த பிறகே அறிந்துகொள்வது நாவலில் வருகிறது. பெரிய போர்களில் சிறியவர்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான் என்ற மென்மையான பார்வை அது. மூன்றாம் படத்தில் அந்தப் போர்தான் படமே. நாவலின் காலத்துக்கு வெகு முன்பே இறந்துபோன அஸோக் என்ற ஓர்க் இன அரக்கனை உயிரோடு கொண்டுவந்து, பயணம் முழுவதும் துரத்தவும் விட்டார்கள். மார்ட்டின் ஃப்ரீமன் அவ்வளவு நுட்பமாக நடித்த பில்போ, தன் கதையிலேயே பல நேரம் காணாமல் போகிறான்.

பதிவு 8 – திரைவிழி

'தி ஹாபிட்' பற்றி எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் குறைந்த நேரம் செய்யும் கேட்டையும் மறந்துவிடக்கூடாது. ஃபிலிப் புல்மனின் 1995ஆம் ஆண்டு நாவலான 'நார்தர்ன் லைட்ஸ்'ஐ 2007இல் ஒரே படமாக எடுத்தபோது, லைராவின் தோழன் ரோஜர் பலியாகும் முடிவை விட்டுவிட்டு, நம்பிக்கையோடு பறந்து செல்வதாகப் படத்தை முடித்தார்கள். தன் தோழனைக் காப்பாற்றவே இவ்வளவு தூரம் வந்த சிறுமி, அவனைத் தானே அவன் சாவிடம் அழைத்துவந்திருக்கிறாள் என்பதுதான் அந்த நாவல். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பனிக்கரடிகள் வரும் பயணக்கதை. 2019இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் எட்டுப் பகுதிகளை எடுத்துக்கொண்டு அந்த முடிவுவரை துணிந்து சென்றது. அதிலும் ஒரு குறை: ஒவ்வொரு மனிதரோடும் அவருடைய ஆன்மா ஒரு விலங்காகக் கூடவே திரியும் உலகம் அது, ஆனால் கணினி வரைகலைச் செலவால் போலும், கூட்டக் காட்சிகளில் விலங்குகள் அரிதாகவே தென்பட்டன. எப்போதும் கண்ணில் படாத ஒன்றைக் கதையில் குழந்தைகளிடமிருந்து வெட்டிப் பிரிக்கும்போது அதன் கொடூரம் பார்வையாளருக்கு எப்படி உறைக்கும்?

ஆகவே ஒரு விதி நாவலில் எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டும் போதாது. அது திரையில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டவேண்டும். ஃபாரமிர் விஷயத்தில் நான் என் நிலையிலேயே இருக்கிறேன். சிரித் உங்கோல் படிக்கட்டில் சாம் பேசும் பழங்கதைகளைப் பற்றிய பேச்சை, படம் ஆஸ்கிலியத்துக்கு மாற்றி, கோட்டையின் வெற்றியும் சாருமானின் ஐஸன்கார்டை மூழ்கடிக்கும் வெள்ளமும் திரையில் ஓட, அவற்றின்மேல் அந்தக் குரலைப் படரவிட்டிருக்கிறது. அந்தப் பேச்சை ஃபாரமிரும் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அதன் பிறகே விடுவிக்கிறான். மனம் மாறுவதை இதைவிடக் கண்ணியமாகத் திரையில் காட்டமுடியுமா என்று நான் கேட்கிறேன்.

பதிவு 9 – குறிஞ்சிவாசகன்

கண்ணியமான காட்சிதான், மறுக்கவில்லை. மனம் மாறுவதைக் காட்டுவது திரைக்கு எளிது, ஏனென்றால் அதில் முன்னும் பின்னும் இருக்கிறது. மாறாமல் நிற்கும் மனத்தைக் காட்டுவதுதான் கடினம். ஆனால் அதே இயக்குநர் அதைச் செய்திருக்கிறார். முதல் படத்தின் இறுதியில், குன்றின்மேல் ஃப்ரோடோ உள்ளங்கையை விரித்து மோதிரத்தை நீட்டுகிறான்; அரகோர்னின் பெயரை அது மெல்ல அழைப்பது நமக்குக் கேட்கிறது. அரகோர்ன் மண்டியிட்டு, ஃப்ரோடோவின் விரல்களைத் தன் கையாலேயே மடித்து மூடி, மோதிரத்தை அவன் மார்போடு சேர்த்துவைக்கிறான். இதுவும் நாவலில் இல்லாத காட்சி. மோதிரத்தின் ஆற்றல் அந்த இடத்தில் துளியும் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. குரலை நாம் கேட்டோம், கை நடுங்காததையும் பார்த்தோம். அந்த ஒரு நிமிடத்தை அருவிக்குப் பின்னாலுள்ள குகையில் ஃபாரமிருக்கும் கொடுத்திருக்கலாம். உச்சக்காட்சிக்கு வேண்டிய நெருக்கடியைக் கொண்டுவரச் ஸாரோனின் பறக்கும் ஏவலர்களான நாஸ்கூலும், ஃப்ரோடோவுக்கு வழிகாட்டும் கோல்லமின் வஞ்சமும் ஏற்கெனவே கையில் இருந்தன.

நண்பர் தீவுக்கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்: எர்த்ஸீயின் இரண்டாம் நாவலில் வரும் அட்டுவான் கல்லறைகளைப் பற்றித் தனி இழை ஒன்று தொடங்குங்கள். பாதிக் கதை இருட்டிலேயே, விளக்கு ஏற்றக்கூடாத சுரங்க வழிகளில், கைத்தடவலில் நடக்கிறது. அதைத் திரையில் எப்படி எடுப்பது என்று பேச நமக்கு நிறைய இருக்கிறது.